படத்தின் மேல் ஒரு பெயர்



புகைப்படத்தின் மேல் எழுத்துப் பதிப்பது எப்படி என்பது இன்றைய பேச்சின் பொருள். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கக்கூடும். கைப்பேசியில் படத்தைத் திறந்து இரண்டு முறை தட்டினால் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு ஒரு வானொலிப் பேச்சா? நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நாங்கள், எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாங்கிக்குப் போய் வந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

சாங்கி என்றதும் 1981-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் போன வழி வேறு. ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் பெங்கேராங் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து நீரிணையைக் கடந்து சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குச் சிறு படகுகள் ஓடும். ஒரு படகுக்கு 12 பேர். ஆள் சேர்ந்தால்தான் படகு புறப்படும். பிள்ளைகள் 18, ஆசிரியர் மூவர். இன்னும் மூன்று பேர் வந்து சேரும் வரையில் துறையிலேயே காத்திருந்தோம். கடலில் பாதி வழி போனதும் தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து வர, பிள்ளைகள் அவற்றை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எண்ணிக்கையில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

கரை இறங்கினால் சாங்கிக் கிராமம். ஸ்ரீ இராமர் கோயில் அங்கே இருக்கிறது. அங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, 2-ஆம் எண் பேருந்தில் ஏறிச் சாங்கி தேவாலய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே பார்த்த இரண்டு செய்திகள்தாம் இந்தப் பேச்சுக்கு வித்து.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர் பல்லாயிரவர் சாங்கிப் படைமுகாம்களில் கைதிகளாக அடைக்கப்பட்டனர். ராபர்ட்ஸ் முகாமின் 151-ஆம் கட்டடம் கைதிகளுக்கு மருத்துவமனையாக இருந்தது. ஸ்டான்லி வாரன் என்ற கைதி வயிற்றுக்கடுப்பால் எழுந்து நடக்கவும் மாட்டாத நிலையில் அங்கே கிடந்தார். அந்த நிலையிலேயே அவர் அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவரில் ஏசுநாதரின் வாழ்க்கைக் காட்சிகளை 5 பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். வண்ணம் ஏது? மற்றக் கைதிகள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

போர் முடிந்தது. ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு ஏறியது. 1958-ஆம் ஆண்டளவில் அவை மீண்டும் வெளிப்பட்டபோது, தீட்டியவர் யார் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தேடல் தொடங்கியது. அடுத்த ஆண்டு, லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக அவர் இருப்பது தெரியவந்தது. பிறகு 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் அவரே சாங்கிக்கு வந்து ஓவியங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தார். அசல் ஓவியங்கள் படைத்தளத்துக்குள் இருப்பதால் எல்லாரும் நினைத்தபோது போய்ப் பார்க்க இயலாது. அருங்காட்சியகத்தில் அவற்றின் பிரதிகள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் எங்கள் பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். ஓவியர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று கேட்டதும் எங்களுக்கும் ஒரு பெருமிதம் வந்தது. ஆசிரியர்க்கு அந்த அளவு தற்பெருமை இருக்கலாம் அல்லவா?

மற்றொரு செய்தி புகைப்படத்தைப் பற்றியது. ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒரு மடிப்புக் கேமராவை மறைத்து வைத்துக்கொண்டு, பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், சிறை வாழ்க்கையைப் படமெடுத்தார். 1942 செப்டம்பரில் சாங்கியிலுள்ள செலாராங் முகாம் முற்றத்தில், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்திடச் சொல்லி 15,000-க்கும் மேற்பட்ட கைதிகளை ஜப்பானியர் நெருக்கி அடைத்தார்கள். அந்தக் காட்சியையும் அவர் எடுத்தார். பிறகு சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டபோதும் எடுத்தார். இறுதியில் கேமராவை அழித்துவிட்டார், நெகட்டிவ்கள் பிழைத்தன. 1984-இல் அவை நூலாக வெளிவந்தன. எந்த இடம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்று எடுத்தவரே உயிரோடு இருந்து சொல்ல, படத்துக்கு அடியில் அச்சாயிற்று. அந்த அடிவரிகள் இல்லாவிட்டால் அவை எலும்பும் தோலுமாய் நிற்கும் மனிதர்களின் படங்கள், அவ்வளவுதான்.

திரும்பும் படகில், எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க பூட்டி வீட்டுல ஒரு படம் இருக்கு. அதுல உள்ளவங்களும் சயாமுக்குப் போனவங்கதானாம். அதுக்கு அடியில ஏன் ஒண்ணுமே எழுதல?"

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் இருந்தோம். மூவரில் ஒருவரிடமும் பதில் இல்லை.

நேயர்களே, சயாம் மரண ரயில் என்று நம் தோட்டங்களில் இன்றும் பேசப்படும் அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் அதைப்போல் பல மடங்கு இறந்தனர். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் ஏராளம். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கல்லறை இருக்கிறது, கல்லறையில் பெயர் இருக்கிறது. நம்மவரில் மிகப் பலருக்கு எங்கே புதைத்தார்கள் என்பதுகூடத் தெரியாது.

அடுத்த வாரமே அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனோம். வயது 90-ஐ நெருங்கியவர். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய படம். போருக்கு முன்னே பட்டணத்திலிருந்து வந்த படக்காரர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் வைத்து எடுத்ததாம். 14 ஆண்கள், மூன்று வரிசை. நடுவே தண்டல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பின்வரிசையில் இடக்கோடியில் நிற்பவர் பாட்டியின் தகப்பனார். அவர் சயாமுக்குப் போனபோது பாட்டிக்கு எட்டு வயது. அவர் திரும்பவில்லை.

"வாத்தியாரே, இவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். எனக்கப்புறம் யாருக்கும் தெரியாது" என்றார் பாட்டி.

படத்தின் மேல் எழுதுவது எங்களுக்கு வேடிக்கையாக இல்லாமல் போனது அன்றுதான்.

இனி முறையைப் பார்ப்போம். படத்தில் எழுதும் வழக்கம் கணினியோடு வந்ததன்று. கண்ணாடித் தகட்டில் நெகட்டிவ் எடுத்த காலத்திலேயே, தகட்டின் மருந்துப் பூச்சின் மேல் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல, மையால் ஊர்ப் பெயரை எழுதுவார்கள். மை பட்ட இடத்தில் ஒளி புகாது. ஆகவே தாளில் அந்த இடம் வெள்ளையாக, நேரான எழுத்தாக விழும். பூச்சைக் கீறி எழுதினால் கறுப்பாக விழும். இடவலம் மாற்றித் தமிழ் எழுதுவது எவ்வளவு கடினம் என்று வகுப்பில் பிள்ளைகளை எழுதச் சொல்லிப் பார்த்தோம். 'ந' என்ற ஓர் எழுத்துக்கே பாதி வகுப்பு தோற்றது.

கணினியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தொடக்க காலத்தில் வேறு தொல்லை இருந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தபோது, படத்தில் எழுத்தை வைத்தால் அது படத்தோடு படமாக ஒட்டிப்போகும். பிழை கண்டால் திருத்த வழியில்லை. 1994-இல் வந்த பதிப்பில்தான் அடுக்கு என்ற முறை வந்தது. படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து அதில் எழுதுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்தால் கீழே படம் பழையபடி இருக்கும். 1998-இல் வந்த பதிப்பில், எழுதிய பிறகும் எழுத்தை மாற்றும் வசதி வந்தது. விலை கொடுத்து வாங்க இயலாத எங்களைப் போன்ற பள்ளிகளுக்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கி 1996-இல் வெளியிட்டது அது. அடுக்கு முறை அதிலும் உண்டு. பள்ளியில் நாங்கள் பயன்படுத்துவது அதையே.

முதல் வேலை, பழைய படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து வருடியில் வைத்துப் படியெடுப்பது. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது குறைந்த அளவு. சிறிய படமானால் 600 வைத்தால் முகம் தெளியும். அப்படி எடுத்த கோப்பை அசல் என்று பெயரிட்டுத் தனியே பூட்டி வைத்துவிட வேண்டும். அதன் மேல் ஒரு கோடும் போடக்கூடாது. வேலையெல்லாம் அதன் படியில்தான். சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். ஜேபெக் என்ற வகையில் திருத்தித் திருத்திச் சேமித்தால், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் படம் சிறிது மங்கும். அடுக்குகளோடு மென்பொருளின் சொந்த வகையில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது மட்டும் ஜேபெக்காக மாற்றுவது நல்லது.

எழுத்தை எங்கே வைப்பது? முகத்தின் மேல் வேண்டாம். சொல்லவே வேண்டாத செய்திதான். ஆனால் கல்யாண வாழ்த்துப் பதாகைகளில் மாப்பிள்ளையின் மோவாயில் ஊர்ப் பெயர் தொங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? வானம், சுவர், தரை என்று சமமான பரப்பு இருக்கும் இடம் எழுத்துக்கு ஏற்றது. அத்தகைய இடம் இல்லையானால் படத்தின் தாளை அடியில் நீட்டிக்கொண்டு, அந்த வெற்றிடத்தில் எழுதலாம். பழைய படத்துக்கு இந்த முறையைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். படத்தில் ஒரு புள்ளியும் மறையாது. இருண்ட இடத்தில் வெள்ளை எழுத்தும் வெளிச்சமான இடத்தில் கறுப்பு எழுத்தும் தெரியும். வெளிச்சமும் இருளும் கலந்த இடமானால், எழுத்தைச் சுற்றி மெல்லிய கரை இடலாம். அல்லது எழுத்துக்குப் பின்னால் பாதி தெரியும் கறுப்புப் பட்டை ஒன்றை வைக்கலாம். சிவப்பு எழுத்துக்குப் பச்சைக் கரை, அதற்கு மேல் மஞ்சள் ஒளி என்று போகவேண்டாம். பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குவார்கள். ஒருநாள் விட்டுவிட்டு மறுநாள் அவர்களையே படிக்கச் சொன்னால் போதும்.

தமிழுக்கு மட்டும் உரிய சில குறிப்புகளும் உண்டு. நம் எழுத்துகளில் மேலே விலங்கும் புள்ளியும் ஏறும். கீழே உகரச் சுழி இறங்கும். ஆகவே ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்குப் போதாது. மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அழகுக்காக இடைவெளியை நீட்டுவார்கள். தமிழில் நீட்டினால் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமும் பிரிந்து நிற்கும். நீட்ட வேண்டாம்.

இப்போது எங்கள் தலையில் விழுந்த இடியைச் சொல்கிறோம்.

பாட்டியோடு இரண்டு நாள் உட்கார்ந்து 9 பெயர்களைப் பெற்றோம். படத்தின் அடியில் வரிசைப்படி எழுதிப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பெரிய அளவில் அச்சிட்டு மாட்டுவது என்று முடிவாயிற்று. பெயர்களைத் தட்டச்சு செய்து, படத்தோடு பட்டணத்தில் ஓர் அச்சுக் கடைக்கு அனுப்பினோம். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் அனுப்பிய பெயர்களை எடுத்துத் தம் கணினியில் படத்தின் மேல் ஒட்டினார். விழாவன்று காலையில்தான் பதாகை வந்தது. அவசரத்தில் நாங்களும் மாட்டிவிட்டோம்.

பாட்டி பழைய தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் போனார். கடைசியில் எங்களைத் திரும்பிப் பார்த்து, "எங்கப்பா பேரு இதில இல்லியே, வாத்தியாரே" என்றார்.

இருந்தது. ஆனால் சிதைந்து இருந்தது. அவர் பெயரைச் சொல்லாமல், கோவிந்தன் என்ற பெயரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 'கோ' என்னும் எழுத்தை நாம் எழுதும்போது முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் துணைக்கால். கணினி அதை நினைவில் வைப்பது அப்படியன்று. முதலில் ககரம், அதன் பின்னால் ஓகாரக் குறி என்றுதான் வைக்கும். உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி என்ற ஏற்பாட்டில் தமிழ் 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதன் முறை அது. திரையில் காட்டும்போது, கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் பிரித்து வைக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். அந்த வேலை தெரியாத மென்பொருள், ககரத்தை முன்னே நிறுத்தி, கொம்பையும் காலையும் அதன் பின்னால் சேர்த்து ஒட்டிவிடும். நடுவே புள்ளியிட்ட வட்டம் ஒன்றும் வந்து உட்காரும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்கள் ஏறிய எழுத்தெல்லாம் இப்படிச் சீரழியும். எங்கள் பதாகையில் 9 பெயரில் 5 பெயர் இப்படிப் போயிருந்தது.

இந்த விபத்து எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரிலேயே 2017-ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்கு அச்சிட்ட கையேட்டில் தமிழ் எழுத்துகள் இடம் மாறிப் பொருளற்றுப் போயின. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். 2014-இல் லாவ் பா சாட் என்ற பழைய சந்தையின் பெயர்ப் பலகையில் நேர்ந்தது இன்னொரு வகை. கடைசியிலுள்ள 'சாட்' என்பதை ஆங்கிலத்தில் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொண்டு, தமிழில் 'சனி' என்று எழுதிவிட்டார்கள். சந்தைக்குச் சனி பிடித்தது என்று நம்மவர்கள் சிரித்தார்கள். பிறகு பலகை மாற்றப்பட்டது. இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான். அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் அது படவில்லை. எங்கள் பள்ளியிலோ தமிழாசிரியர்களே மூவர் இருந்தோம். அவர்களை நாங்கள் எப்படிக் குறை சொல்வது?

இதிலே ஒரு வருத்தமும் உண்டு. கணினியில் தமிழ் ஒழுங்காக நடமாட வேண்டும் என்று உலகத் தமிழரை முதன்முதலில் ஒன்று கூட்டிய இடங்களில் சிங்கப்பூர் முக்கியமானது. எழுத்தாளரும், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1997 மே மாதத்தில் தமிழ்நெட் 97 என்ற மாநாட்டைச் சிங்கப்பூரில் முன்னின்று நடத்தினார். அந்நாளில் ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் அவர் காலமானார். அவரும் எங்களைப் போல் ஆசிரியர் தொழிலில் இருந்தவர்.

சரி, இந்தச் சிதைவைத் தவிர்ப்பது எப்படி? ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் விருப்பத் தெரிவுகள் என்ற பகுதிக்குள் எழுத்து என்ற பிரிவில், உலக மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மிகப் பழைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை. கிம்ப்பின் இன்றைய பதிப்புகளில் தமிழ் தானாகவே ஒழுங்காக அமைகிறது. கைப்பேசியிலும் பெரும்பாலும் தொல்லை இல்லை. தொல்லை வருவது கோப்பு கை மாறும்போது. ஆகவே கடைக்காரரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள். நீங்களே எழுதி, எழுத்தை உருவமாக மாற்றி, முழுப் படமாகவே கொடுத்துவிடுங்கள். அச்சுக்கு முன்னே மாதிரிப் படி ஒன்று கேட்டு வாங்கி, 'கொ, கோ, கை' முதலான எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் ஏறத்தாழ எல்லாம் சரியாக இருக்கும். இன்னொரு கள்ளப் பிழை உண்டு. 'ரி' என்று எழுத வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன் மேல் விலங்கு ஏற்றிவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினியில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் போடுவதும் அப்படியே.

எழுத்து சரியானால் போதுமா? செய்தியும் சரியாக வேண்டும். ஒரே படம் எங்கள் கைப்பேசிக்கு மூன்று முறை வந்தது. ஒருமுறை அதன் மேல் சயாம் ரயிலில் மாண்ட தமிழர் என்றிருந்தது. மறுமுறை வேறொரு நாட்டுப் பஞ்சம். மூன்றாம் முறை வேறு போர். படத்தில் இருந்தவர்களோ வெள்ளைக்காரர்கள். எழுத்தைப் படத்தின் மேல் பதித்தவுடன், கல்லில் வெட்டியதுபோல் ஒரு நம்பகம் அதற்கு வந்துவிடுகிறது. பதித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆகையால் நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் வைத்தோம். யார் சொல்லி எழுதினோம், எந்த நாளில் எழுதினோம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். இதையே கோப்பின் உட்குறிப்பிலும் எழுதி வைக்கலாம். படத்தின் பண்புகள் என்ற பகுதியைத் திறந்தால், தலைப்பு, விளக்கம் என்று எழுத இடம் இருக்கும். அங்கே எழுதுவது படத்தின் மேல் தெரியாது. ஆனால் படத்தோடு கூடவே போகும். கைப்பேசிச் செய்தியாக அனுப்பும்போது சில வேளை அது உதிர்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பதாகையைக் கழற்றிவிட்டோம். விழா முடிந்த மறுநாளே எங்கள் கணினியில் நாங்களே எழுதத் தொடங்கினோம். மாணவன் தட்டச்சு செய்தான். பாட்டி நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுத்தைக் கூட்டி அவர் படித்த பிறகே அடுத்த பெயருக்குப் போனோம். பெயரில்கூடச் சிக்கல் வந்தது. ஒருவருக்குப் பதிவில் ஒரு பெயர், தோட்டத்தில் கூப்பிடும் பெயர் வேறு. இரண்டையும் எழுதினோம். மற்றொருவர் பெயரே பாட்டிக்குத் தெரியாது. பால் வண்டிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்களாம். என்ன எழுதுவது என்று நாங்கள் தயங்கினோம். "அப்படியே எழுதுங்க, வாத்தியாரே. அப்படிக் கூப்பிட்டாத்தான் அவர் திரும்பிப் பாப்பாரு" என்றார். எழுதினோம். முன்வரிசையில் இருவர் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒருவரின் பேரப்பிள்ளை இன்றும் அடுத்த தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார்.

இதுவரை 11 பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. மூன்று முகங்களுக்கு நேராக இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பி அழகாக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை பூ வரைந்தது, அழித்துவிட்டோம். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதலாமா என்ற பேச்சு வந்தபோது பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அடுக்கு மட்டும் திறந்தபடி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விட்டதும் மாணவன் பாட்டி வீட்டுக்குப் போய் அந்த மூன்று முகங்களையும் பெரிதாக்கிக் காட்டிவிட்டு வருகிறான். சென்ற வெள்ளிக்கிழமை, நடு வரிசைக்காரர் கழுத்தில் தாயத்து இருப்பதைப் பாட்டி பார்த்தாராம். அது யார் கட்டிய தாயத்து என்று நினைத்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.